1756 என்று தொடங்கியதால் இழந்த மதிப்பெண்கள்

முதுகலை வரலாற்றுத் தேர்வு முடிவுகள் சென்ற வாரம் வெளியாயின. அமெரிக்க வரலாற்றுத் தாளில் எனக்கிருந்த அரியர் தீர்ந்தது. முதல்முறை என்னை வீழ்த்திய பிரெஞ்சு–இந்தியப் போர் (வட அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரரையும் அவர்களோடு சேர்ந்த பூர்வகுடிகளையும் எதிர்த்து பிரிட்டன் நடத்திய போர்; இந்தியா அல்ல) வினாவே மீண்டும் வந்திருந்ததால், அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தென்னிந்தியாவில் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய கர்நாடகப் போர்களைப் படித்த பழக்கத்தில் அன்று விடையை 1756 என்று தொடங்கிவிட்டேன். பிரிட்டனும் பிரான்சும் மோதிய ஏழாண்டுப் போர் அந்த ஆண்டில் முறைப்படி அறிவிக்கப்பட்டதும், அதன் கிளையாக இங்கே வந்தவாசி வரை சண்டை நீண்டதும் உண்மைதான். ஆனால் வட அமெரிக்காவில் போர் 1754இலேயே மூண்டுவிட்டது. பிரிட்டிஷ் தரப்பில் 22 வயது ஜார்ஜ் வாஷிங்டனின் படை மே மாதத்தில் பிரெஞ்சு அதிகாரி ஜுமோன்வில்லின் குழுவைத் தாக்கியது, ஜூலையில் நெசசிட்டி கோட்டையில் அவரே சரணடைந்தது, மறு ஆண்டு மோனோங்கஹேலா ஆற்றருகே பிரிட்டிஷ் தளபதி பிராடக்கின் படை சிதறியது ஆகிய எதுவும் என் விடையில் இல்லை. காரணங்கள் முழுவதும் அந்த இரண்டு ஆண்டுகளில் கிடக்க, நான் விளைவுகளை மட்டும் எழுதிவிட்டு வந்திருந்தேன்.

இரண்டாம் முறை ஆண்டுகளை மனப்பாடம் செய்வதை விட்டு, தினமும் ஆறுகளை வரைந்தேன். செயின்ட் லாரன்ஸ் கரையில் கனடா, மிசிசிப்பியின் முகத்துவாரத்தில் லூசியானா. பிரான்சின் இவ்விரு உடைமைகளையும் இணைக்கும் வழி ஓஹையோ. அப்பலாச்சிய மலையைத் தாண்டி நிலம் தேடிய, பிரிட்டிஷ் குடியேற்றமான வர்ஜீனியாவின் மக்களுக்கும் அதே பள்ளத்தாக்கு வேண்டியிருந்தது. அல்லெகெனியும் மோனோங்கஹேலாவும் சேர்ந்து ஓஹையோ ஆகும் கூடுதுறையில் பிரெஞ்சுக்காரர் டூகேன் கோட்டையை ஏன் கட்டினார்கள் என்பதை, அந்தப் படத்தை வரைந்தவர் மறக்கவே முடியாது.

படத்தில் தவறாமல் குறிக்க வேண்டியவை, பிரிட்டிஷார் பிரெஞ்சுக்காரரை வென்ற இடங்கள்:
– லூயிஸ்பர்க், 1758: செயின்ட் லாரன்ஸின் கடல்வாயில் திறந்தது.
– ஃப்ரான்டெனாக், 1758: மேற்குக் கோட்டைகளுக்குச் சரக்கு செல்வது தடைப்பட்டது.
– கியூபெக், 1759 செப்டம்பர் 13: பிரிட்டிஷ் தளபதி உல்ஃப், பிரெஞ்சுத் தளபதி மோன்ட்காம் இருவரும் காயமடைந்து இறந்தனர்.
– மொன்ட்ரியால், 1760: கனடா சரணடைந்தது.

போரை நடத்திய பிரிட்டிஷ் அமைச்சர் பிட் கடன் வாங்கிக் கொட்டிய பணத்தையும் கடற்படையையும் இந்த வரிசையோடு சேர்த்தே எழுதுங்கள்; தனிப்பத்தி வேண்டாம்.

போரின் பெயரிலேயே இருக்கும் பூர்வகுடிகளைப் பலரும் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள்; நானும் முன்பு அப்படித்தான் செய்தேன், அதற்காக இன்றும் வருந்துகிறேன். 1758 அக்டோபரில் ஈஸ்டன் உடன்படிக்கையின் மூலம் ஓஹையோ பகுதி மக்கள் பிரெஞ்சுச் சார்பை விட்டு விலகியதால்தான், அடுத்த மாதமே பிரெஞ்சுக்காரர் டூகேனைத் தாங்களே தகர்த்துவிட்டு வெளியேறினர்.

கடைசி பத்து நிமிடத்தை 1763க்கு ஒதுக்குங்கள். போரை முடித்த பாரிஸ் உடன்படிக்கையில் கனடாவும், நியூ ஆர்லியன்ஸ் நீங்கலாக மிசிசிப்பிக்குக் கிழக்கிலிருந்த பிரெஞ்சு நிலமும் பிரிட்டனுக்குப் போயின. பூர்வகுடித் தலைவர் பாண்டியாக்கின் எழுச்சியும், மலைக்கு மேற்கே குடியேறத் தடைவிதித்த அரச பிரகடனமும் அதே ஆண்டில் வந்தன. போர்க்கடன் சுமையின் பின்னணியில், குடியேற்றங்களின் மீது பிரிட்டன் 1765இல் விதித்த வரியான முத்திரைச் சட்டத்தோடு விடையை நிறுத்தினேன்.