ரூபியின் ஈரல்

ஜூலை 6
அடுத்த தெரு டஃபி இன்று காலை போய்விட்டான். ஆறு வயது லாப்ரடார். எங்கள் ரூபியும் அவனும் ஒரே ஈத்துக் குட்டிகள். போன மாதம் வரை பந்துக்கு ஓடியவன். சாப்பாட்டை ஒதுக்கினான், கண் மஞ்சளானது, வயிற்றில் நீர் கட்டியது. ஸ்கேன் எடுத்தபோது ஈரல் சுருங்கிப்போயிருந்ததாம். ரூபி இன்றும் தட்டை நக்கி நக்கிச் சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள்.

ஜூலை 8
ரூபிக்கும் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "நல்லா இருக்கிற நாயை எதுக்குடி ஊசியால குத்தணும்?" என்கிறாள் அம்மா. நியாயமான கேள்விதான். ஆனால் ஈரல் பெரும்பகுதி கெட்ட பிறகும் வெளியில் காட்டிக்கொள்ளாத உறுப்பு. லாப்ரடார்களுக்கு ஈரலில் செம்பு சேரும் நோய் பரம்பரையாக வருகிறது. ஏடிபி7பி என்ற மரபணுவுக்கு அதில் பங்குண்டு. தீனியில் உள்ள செம்பும் சேர்ந்துகொள்கிறது. பெட்டைகளுக்கே அதிகம் வருகிறது. நாய் துள்ளிக்கொண்டிருக்கும்போதே ரத்தத்தில் ஏஎல்டி மட்டும் ஏறத் தொடங்கும். ஈரல் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கசியும் நொதி அது.

அதே ஏஎல்டி உண்ணிக் காய்ச்சலிலும் ஏறும், சில மாத்திரைகளாலும் ஏறும். அதை மட்டும் வைத்து எதையும் உறுதி செய்ய முடியாது. செம்பை அளக்க ஈரலில் துணுக்கு எடுத்தே ஆக வேண்டும். அதற்கு மயக்க மருந்து, ரத்தக்கசிவு பயம். இதை நினைத்துத்தான் தயங்குகிறேன்.

ஜூலை 11
டாக்டரம்மா பளிச்சென்று சொல்லிவிட்டார்: "ஏஎல்டி அதிகமா வந்தா அடுத்த கட்டத்துக்குப் போவீங்களா? அதை முதல்ல முடிவு பண்ணுங்க. போக மாட்டீங்கன்னா இந்த டெஸ்ட் உங்க தூக்கத்தைத்தான் கெடுக்கும்."

ராத்திரி வெகுநேரம் வீட்டில் அதே பேச்சு. செம்பு என்று தெரிந்தால் அதை உடம்பிலிருந்து வெளியேற்றும் பெனிசிலமைன் மருந்து இருக்கிறது, செம்பு குறைந்த தீனி இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் நிறுத்தி வைக்கக்கூடிய நோய். வைத்தியமே இல்லாத நோயாக இருந்தால் நான் ரூபியைத் தொந்தரவே செய்திருக்க மாட்டேன். துணுக்கு எடுக்கும் வரை போவோம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க முடிவானது.

ஜூலை 14
ஏஎல்டி 158. லேபின் உச்ச அளவு 100. ஈரலின் வேலையைக் காட்டும் பிலிருபின், ஆல்புமின் அளவுகள் சரியாக இருக்கின்றன. உண்ணிக் காய்ச்சல் இல்லை. இரண்டு மாதம் விட்டு மறுபடி பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல் இனி கிடையாது. அதில் செம்பு ஏராளம். கோழி ஈரலில் அவ்வளவு இல்லை, ஆனாலும் இப்போதைக்கு அதுவும் வேண்டாமாம்.

ஆகஸ்ட் 10
ஓட்டம், தூக்கம், பசி எல்லாம் எப்போதும்போல. எழுத வேறொன்றும் இல்லை.

செப்டம்பர் 16
ஏஎல்டி 171. கூடவே பித்த அமில டெஸ்ட். வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. அது நார்மல். எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் டாக்டரம்மா விளக்கினார்: ஈரல் இன்னும் வேலை செய்கிறது என்பதைத்தான் அது காட்டும், செல்கள் சிதைவதைக் காட்டுவது ஏஎல்டி. இரண்டு மாதமாகக் காரணம் தெரியாமல் ஏறியே இருந்தால் துணுக்கு எடுத்துப் பார்ப்பதே சரி என்றார். அன்று பேசி முடிவெடுத்திருந்ததால் இன்று யாரும் தடுமாறவில்லை.

செப்டம்பர் 19
ரத்தம் உறையும் டெஸ்ட் சரியாக வந்துவிட்டது. அடுத்த வாரம் துணுக்கு எடுக்கிறார்கள். ஒரு துண்டு செம்பை அளக்கத் தனியாகப் போகும். முந்தின ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாட்டை நிறுத்த வேண்டும் என்று டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டது அம்மாதான்.