அப்பாவின் சாலி மீண்டும் ஓடுகிறது

கொழும்பு வெள்ளவத்தை வீட்டின் பின்கொட்டிலில் 1994 முதல் சாக்குக்கு அடியில் கிடந்த அப்பாவின் ஹொண்டா சாலி, நேற்று மாலை மீண்டும் உயிர்பெற்றது. 49 சிசி எஞ்சினும் மூன்று கியர்களும் கொண்ட, கைக் கிளட்ச் இல்லாத சின்னஞ்சிறு மோட்டார் சைக்கிள் அது.

எஞ்சின் இறுகிப் போயிருக்குமோ என்று அஞ்சி, முதலில் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் சிறிது ஒயில் விட்டு, இரண்டு நாள் ஊறிய பிறகே கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பார்த்தேன். அது அசைந்தபோது பாதிக் கவலை தீர்ந்தது. உண்மையான கோளாறு, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேட்டரில் இருந்தது. பெற்றோல் ஆவியான பின் எஞ்சிய பிசின், கிண்ணத்தின் அடியில் தேன் நிறத்தில் படிந்து, பெற்றோல் பாயும், ஊசிமுனையளவே துளையுள்ள சிறிய ஜெட்டை முழுவதுமாக அடைத்திருந்தது. அதைக் கிளீனரில் ஊறவைத்து, வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பு இழையால் (செப்பு மென்மையானது, துளையைப் பெரிதாக்காது) பொறுமையாகத் திறந்தேன். பிளக்கில் தீப்பொறி வரவைக்க மின்சாரத்தைத் தொடுத்துத் துண்டிக்கும் பொயின்ட், கடற்காற்றில் பூத்திருந்தது; அதைத் தேய்த்ததும் தீப்பொறி நீலமாக வந்தது. டயர், டியூப், பெற்றோல் குழாய் எல்லாம் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கிடைத்தன.

ஏழாவது உதையில் எஞ்சின் பிடித்தது. சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்த அம்மா, "அப்பா ஒழுங்கைக்குள்ள திரும்பேக்க கேக்கிற அதே சத்தம்" என்றார்.

பிரேக் ஷூக்களை மாற்றிய பிறகே காலி வீதிக்கு எடுத்துச் செல்வேன்.