சித்தப்பாவின் கண்

ஜூன் 10, 2025

திருநெல்வேலி போய்விட்டு இப்போதுதான் குலசேகரத்தில் வந்து இறங்கினோம். ரப்பர் பால் உறைய ஊற்றுகிற ஆசிட் சித்தப்பாவின் வலது கண்ணில் தெறித்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்குக் குழாயைத் திறந்து அரைமணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவியிருக்க வேண்டும், யாரோ சொன்னார்கள் என்று தாய்ப்பால் தேடி ஓடினோம், அதை நினைத்தால் இன்றும் எரிகிறது. போன வருஷம் வேறொரு ஆஸ்பத்திரியில் தானக் கருவிழி வைத்தார்கள். ஒரு மாசம் தெளிந்திருந்தது, அப்புறம் சிவப்பு நரம்புகள் ஏறி மறுபடியும் வெள்ளைப் படலம்.

ஏன் என்று இன்றைக்குத்தான் ஒரு டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார். கருவிழியின் மேல்தோல் உதிர்ந்து உதிர்ந்து புதிதாக முளைப்பது. முளைக்க வைக்கிற ஸ்டெம் செல்கள் இருப்பது கருப்பும் வெள்ளையும் சேருகிற விளிம்பில், லிம்பஸ் என்கிறார்கள். ஆசிட் அந்த வரப்பையே எரித்துவிட்டது. வரப்பு போனால் பக்கத்து வெள்ளைத்தோல் நரம்போடு உள்ளே வந்து மூடும், மேலே யார் கருவிழியை வைத்தாலும் நிற்காது. இதை முதலிலேயே பார்த்திருக்கலாமே! யாரோ ஒரு புண்ணியவான் தந்துபோன கருவிழி வீண்.

வழி இருக்கிறது, ஆனால் நல்ல கண்ணிலிருந்து எடுக்க வேண்டும். சித்தப்பா அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

ஜூன் 13

"உள்ள ஒரு கண்ணையும் நோண்டதுக்கா மக்களே?" மூன்று நாளாக இதே பேச்சு.

ஜூன் 21

மழை, பால்வெட்டு இல்லை. உட்கார்ந்து வாசித்தேன். 1997இல் இத்தாலியில் இரண்டு பேருக்கு அவரவர் செல்லையே ஆய்வகத்தில் வளர்த்து வைத்திருக்கிறார்கள். நல்ல முறைதான், ஆனால் வளர்க்க ஆய்வகம் வேண்டும், செலவும் அதற்கேற்ற மாதிரி. நமக்குச் சொன்னது ஸ்லெட் என்ற முறை, ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் விரேந்தர் சங்வான் குழு 2012இல் வெளியிட்டது. ஆய்வகம் வேண்டாம், கண்ணிலேயே வளர விடுகிறார்கள். 125 பேருக்குச் செய்து பார்த்ததில் 76 சதவீதம் பேருக்கு நின்றிருக்கிறது. மீதி 24ஐ சித்தப்பாவிடம் மறைக்கவில்லை.

எடுப்பது 2 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் என்று அவர் கட்டைவிரல் நகத்தில் பேனாவால் வரைந்து காட்டினேன். நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நாம பட் தை கட்டுகது மாதிரியா?" என்றார். எனக்கு இது தோன்றவே இல்லை! இளவயசில் நர்சரியில் நல்ல மரத்துக் கொம்பிலிருந்து கண் எடுத்து நாற்றில் ஒட்டுக் கட்டியவர். "கண்ணு எடுத்த கொம்பு ஒண்ணும் ஆவாது" என்று அவரே முடித்துக்கொண்டார். சரி, தேதி வாங்கியாச்சு.

ஜூலை 8

முடிந்தது. கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரக்க வைத்துத்தான் செய்தார்கள். படலத்தை உரித்துவிட்டு, பிரசவத்தில் தாய்மார் தானம் செய்த நஞ்சுக்கொடிச் சவ்வை விரித்து, நல்ல கண்ணிலிருந்து எடுத்த துணுக்கைப் பத்துப் பொடியாக நறுக்கி, நடுப்பாவையை விட்டுச் சுற்றிலும் வட்டமாக வைத்து, ஃபைப்ரின் பசையால் ஒட்டி, மேலே ஒரு கான்டாக்ட் லென்ஸ். மற்றபடி காத்திருப்பு, ஆஸ்பத்திரி கேன்டீன் காப்பி, வெந்நீர் மாதிரி.

ஜூலை 24

மஞ்சள் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார்கள். தோல் இல்லாத இடம் பச்சையாக மின்னுமாம். என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார் டாக்டர்: ரவை மாதிரிப் பத்துப் புள்ளி, பச்சை எங்கேயும் இல்லை. இடது கண்ணிலும் எடுத்த இடம் மூடிவிட்டது. சொட்டு மருந்து மட்டும் மணிக்கணக்கு தப்பக்கூடாது, அதற்குச் சித்தியின் போனில் அலாரம், வீடே கோயில் மாதிரி மணியடிக்கிறது.

ஆகஸ்ட் 22

கைநிழல் மட்டும் தெரிந்த கண், போர்டின் முதல் பெரிய எழுத்தைச் சொல்லிவிட்டது. உள்ளே தழும்பு மீதி இருக்கிறது, தேவைப்பட்டால் பின்னால் மறுபடி தானக் கருவிழி, இனி வைத்தால் நிற்க வாய்ப்பு உண்டு என்றார்.

திரும்பும்போது ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்கினார். முப்பந்தலில் ஆடிக்காற்று இன்னும் ஓயவில்லை, காற்றாலை எல்லாம் சுற்றுகிறது. இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தவர், "ரோட்டோரத்துல ஒண்ணு மட்டும் நிக்குதுல்லா?" என்றார். எட்டிப் பார்த்தேன். நின்றுகொண்டுதான் இருந்தது.