நாலாவது ஊறலில் பிடித்த நிறம்

உள்ளங்கையில் காசளவு மருதாணிப் பசையைத் தடவி, ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்தேன். பளிச்சென்று ஓர் ஆரஞ்சு வட்டம்! மூன்று முறை தோற்று நாலாவது முறை கிடைத்த வட்டம். கழுவ மனம் வராமல், கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வளவு முழுக்க நடந்தேன். தலைக்கு மருதாணி போடுகிறவர்களுக்கு இந்த அசட்டுத்தனம் புரியும்.

தோல்விகளில் இரண்டு பொடியின் குற்றம், ஒன்று என் குற்றம். காரைக்குடியில் ஒரு கடையில் வாங்கிய முதல் பொட்டலம் பச்சைப்பசேலென்று இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வெள்ளைத் தட்டில் தண்ணீர் விட்டு ஒரு சிட்டிகை தூவியதும் தண்ணீர் கிளிப்பச்சையாக ஓடியது. அடியில் மணல் நறநறத்தது. நல்ல பொடி மங்கலான பச்சையில் லேசாகக் காக்கி கலந்தாற்போல் இருக்கும், காய்ந்த வைக்கோல் வாசம் அடிக்கும். இரண்டாவது பொட்டலத்தில் கலப்படம் இல்லை, ஆனால் சரக்கு கிழடு. உறையில் இருப்பது அடைத்த தேதி; இலை பறித்த தேதியை யாரும் போடுவதில்லை. வாங்கும்போது "எந்த அறுவடை?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்த கடைக்காரரை விடாதீர்கள்.

"பத்தே நிமிடத்தில் கறுப்பு" என்கிற பொட்டலங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மருதாணியின் சாயமான லாசோன் செம்பழுப்புதான் தரும், கறுப்புத் தராது. சட்டென்று கறுக்க வைப்பது பெரும்பாலும் பாரா ஃபெனைலின் டையமின் என்கிற ரசாயனம். என் நாத்தனாருக்கு நெற்றியோரம் கொப்புளித்து, இரண்டு வாரம் முக்காடு போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் அந்தப் பொட்டலத்துக்கு இடமில்லை.

ஆகவே இந்த முறை பச்சை இலை. கானாடுகாத்தான் பக்கம் தெரிந்தவர் தோட்டத்தில் மருதாணிதான் வேலி. வெயில் காய்ந்து, மழை படாத இலையாக ஒன்றரைக் கிலோ உருவிக்கொண்டு வந்தோம். இரண்டாம் கட்டில் ஆத்தங்குடிக் கல் தரையில் பழைய வேட்டியை விரித்து நிழலில் மூன்று நாள் உலர்த்தினேன். முற்றத்து வெயிலில் போட்டால் ஒரே நாளில் காயும்; பச்சையும் வெளுத்துப்போகும். காம்பு நீக்கி, மிக்ஸியில் விட்டுவிட்டு அரைத்து, மாவுச் சல்லடையில் சலித்து, பிறகு வஸ்திரகாயம், அதாவது துணியில் சலிப்பது. கண்டாங்கிப் புடவைத் துண்டில் முயன்றது வீண். நெசவு நெருக்கம், பொடி இறங்கவே இல்லை. மல் துணிதான் சரி. அப்பத்தா எட்டிப் பார்த்து, "ஏன் ஆத்தா, தலைக்குப் போடவா, கண்ணுக்கு மை தீட்டவா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கேட்கட்டும். சலிக்காத பொடியைத் தலையில் போட்டு, மூன்று நாள் சீப்பில் தூள் எடுத்தவள் நான். கடைசியில் தேறியது முந்நூற்றைம்பது கிராம்.

இனிதான் விஷயம்: ஊறவைக்கும் நேரம். மூன்றாவது தோல்வி இதில்தான். எங்கே படித்தாலும் "இரவு முழுவதும் ஊறட்டும்" என்றே எழுதியிருக்கிறார்கள். அது குளிர்ந்த ஊர்க் கணக்கு. சித்திரையில் காரைக்குடி அடுக்களை இரவிலும் அனலாகத்தான் இருக்கிறது. பதினான்கு மணி நேரம் ஊறிய பசை மேலும் கீழும் ஒரே பழுப்பாகிப் புளித்த வாடை அடித்தது. உள்ளங்கையில் வெளிறிய மஞ்சள் மட்டும். சாயம் வெளியே வந்து, ஆக்சிஜனோடு சேர்ந்து, நான் தூங்கி எழுவதற்குள் செத்துப்போயிருந்தது.

இந்த முறை காலை ஒன்பது மணிக்குக் கரைத்தேன். இருநூறு கிராம் பொடி, தேயிலை வடிநீர், ஒரே ஒரு எலுமிச்சை. புளிப்பு சாயத்தை மெதுவாக விட வைக்கிறது. அதிகமானால் முடி வைக்கோலாகிறது. ஆழ்துளைக் கிணற்றின் இரும்பு கலந்த தண்ணீர் வாளியில் செங்கறை படிய வைக்கிறது என்பதால், முற்றத்துக் கூரையிலிருந்து போன மழைக்கு அண்டாவில் பிடித்த நீரையே வடிநீருக்கு எடுத்தேன். இரும்பு வாணலியையும் விட்டுவிட்டேன். அதில் ஊறினால் பசைதான் கறுக்கிறது, முடி கறுப்பதில்லை. மண்பானையே போதும்.

பிறகு மணிக்கொரு தரம் உள்ளங்கைச் சோதனை. பத்து மணிக்கு ஒன்றுமில்லை. பதினொன்றுக்கு எலுமிச்சை மஞ்சள். பன்னிரண்டரைக்கு அந்த வட்டம். பசையின் மேல்தோல் பழுப்பு, கரண்டியால் கிளறினால் உள்ளே இன்னும் பச்சை. மூன்றரை மணி நேரம், அவ்வளவுதான்! மார்கழியில் இதே பொடிக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகலாம். அப்போது குறித்துவைத்து எழுதுகிறேன்.

உடனே தடவி, வாழையிலையைக் கவிழ்த்து, பழைய துண்டால் இறுக்கிக் கட்டி மூன்று மணி நேரம். அலசியதும் நரையெல்லாம் செங்காயாக நின்றது. கண்ணாடியைப் பார்த்து மனம் தளர வேண்டாம். இரண்டு நாள் சிகைக்காய் படாமல் விட்டதில் ஆழ்ந்த செம்பழுப்புக்கு இறங்கிவிட்டது. கறுப்பு முடியில் வெயில் பட்டால் மட்டும் சிவப்பு மினுக்குகிறது.

இலை அடிக்கடி கிடைக்காது என்பதால், ராஜஸ்தானில் சோஜத் பக்கத்திலிருந்து புது அறுவடைப் பொடி நேரடியாக வரவழைக்க விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நாட்டு மருந்துக்கடையில் நீலச்சாயம் தரும் அவுரிப் பொடியும் ஒரு பொட்டலம் வாங்கியாகிவிட்டது. செம்பழுப்பின் மேல் அதைப் போட்டால்தான் கறுப்பு. அதற்குப் புளிப்பு ஆகாது, கரைத்த கால் மணிக்குள் தடவிவிட வேண்டும், இரும்பு நீர்க் கவலை வேறு. அண்டாவில் மழைநீர் அரைக்குடம்கூட இல்லை. நூற்றைம்பது கிராம் மருதாணிப் பொடி கட்டி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருட்டில் இருக்கிறது. ஒரு நல்ல மழை வரட்டும்.