வாடையும் ஷமாலும்

மூன்று வருஷமாக கத்தாரின் தோகாவில் இருக்கிறேன், ஊர் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். போன ஜூனில் பால்கனியில் கூழ் வடாம் காயப்போடும் வரைக்கும்.

இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் வடாமைக் கடையில் வாங்குவதா என்று ஒரு வீம்பு. அம்மா போனில் பதம் சொல்ல, விடியற்காலையில் கூழ் கிண்டி, பழைய வேட்டியை விரித்துப் பிழிந்தேன். காக்கா விரட்ட ஆள் தேடவேண்டாம் என்பதே பெரிய சந்தோஷம். பத்து மணிக்கு எதிர்க் கட்டடம் காணாமல் போனது. வேட்டியைச் சுருட்டுவதற்குள் வடாம் முழுக்க மாவு மாதிரி மண். குப்பையில் கொட்டும்போது அழுதுவிட்டேன்.

அந்தப் புழுதிக்காற்றுக்கு இங்கே ஷமால் என்று பெயர். ஷமால் என்றால் அரபியில் வடக்கு. நமக்கு வடக்கேயிருந்து வருவது வாடை, மார்கழியில் போர்வையை இழுத்துப் போர்த்தவைக்கிற காற்று. இங்கே வடமேற்கிலிருந்து, ஈராக் பக்கத்துப் புழுதியையும் வாரிக்கொண்டு, ஜூன், ஜூலையில் நாள்கணக்கில் அடிக்கிறது.

“மண்ணுதானேடி, தட்டிட்டு வறுத்திருக்கலாமே” என்றாள் அம்மா. நானும் மண்தான் என்று நினைத்திருந்தேன். அப்புறம்தான் தேடிப் படித்தேன். கத்தார் பாலைவனத்தில் தரைமேல் கருப்பாக ஒரு பொருக்கு படிந்திருக்கும். அது நீலப்பச்சைப் பாசி. மழை பெய்தால் சில நாள் உயிர்க்கும், மற்ற மாதமெல்லாம் காய்ந்து கிடக்கும். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்தப் பொருக்கில் பிஎம்ஏஏ என்ற நரம்பு நச்சு இருப்பதைச் சொன்னது. கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டினும் அதில் உண்டு. 1990–91 வளைகுடாப் போருக்கு வந்துபோன அமெரிக்க வீரர்களிடம் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய் கூடுதலாகத் தெரிந்தது. ராணுவ வண்டிகள் உடைத்துக் கிளப்பிய இந்தப் புழுதி அதற்கு ஒரு காரணமோ என்று அந்த ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டார்கள். நிரூபணம் ஆகவில்லை. எனக்குச் சந்தேகமே போதும், அன்றிலிருந்து ஈரத்துணியால்தான் வீட்டைத் துடைக்கிறேன்.

ஆனால் பாசி என்ற சொல் என்னை விடவில்லை. நடவு முடிந்த வயலில் அப்பா தூவியது அதன் சொந்தக்காரப் பாசியைத்தானே! கொல்லையில் பாத்தி கட்டி, தண்ணீர் நிறுத்தி வளர்ப்பார். காய்ந்து அப்பளம் மாதிரி சுருளும் ஏடுகளை நானும் தம்பியும் பெயர்த்தெடுப்போம். காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துப் பயிருக்குத் தரும் என்பார்.

இங்கேயும் அது சும்மா இருந்தால் மணலைப் பிடித்துவைக்கிறது. உடைப்பது நாம்தான். குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் பாலைவனத்துக்குப் போகும்போது என் பிள்ளைகள் அதை மிதித்து நொறுக்கி விளையாடியிருக்கிறார்கள். இப்போது தடத்தைவிட்டு வண்டியை இறக்க நான் சம்மதிப்பதில்லை.

சரி, எனக்குச் சன்னலைச் சாத்திக்கொள்ள வீடு இருக்கிறது. எங்கள் ஒரத்தநாட்டுத் தம்பி ஒருவன் சைட்டில் வேலை செய்கிறான். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து 3.30 வரை வெளிவேலை கூடாது என்று 2021இல் விதி வந்தது. அது வெயிலுக்கு. புழுதி விடியும்போதே கிளம்பிவிடுகிறது. நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். “மூச்சு முட்டுதுக்கா” என்று துண்டைத்தான் கட்டிக்கொள்கிறான்.

போன வெள்ளிக்கிழமை சாப்பிட வந்தவனிடமிருந்து அந்தத் துண்டைப் பிடுங்கி வாளியில் அலசினேன். மேட்டூர் திறந்ததும் எங்கள் வாய்க்காலில் வரும் முதல் தண்ணீரின் நிறம். ஊற்ற மனசில்லாமல் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் ஊற்றிவிட்டு, இன்னொரு தடவை அலசினேன்.