ஒன்றைக் கழியுங்கள்: சால்டர் தாளில் நான் தோற்ற கதை

மறுதேர்வு முடிவு போன வெள்ளிக்கிழமை வந்தது. தேறிவிட்டேன். பட்டியலில் 50 என்றுதான் இருக்கும், ஏனென்றால் எங்கள் துறையில் மறுதேர்வில் எவ்வளவு எழுதினாலும் 50-க்கு மேல் ஏறாது. முதல் தடவை வாங்கியது 43. அந்த ஏழு மார்க்கும் ஒரே ஓர் எண்ணால் போனது. இடைக்காலச் சுவடி ஓவியம் தாளை அடுத்த பருவத்தில் எடுக்கப்போகிறவர்களுக்காக, எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சால்டர் என்றால் சங்கீதப் புத்தகம், இங்கே படம் வரைந்த கையெழுத்துச் சுவடி.

நான் பாளையங்கோட்டைப் பக்கம். ஞாயிறு பள்ளி மனப்பாடப் போட்டியில் வருஷா வருஷம் டம்ளர் பரிசு வாங்கியவன். சங்கீதங்கள் ஓவியம் என்றதும் "இது நம்ம ஏரியா" என்று நினைத்தேன். அதுதான் வினை.

கேள்வி 52-ஆம் சங்கீதத்தின் முதலெழுத்துச் சித்திரம் பற்றியது. எனக்கு உடனே "பலவானே, பொல்லாப்பில் ஏன் பெருமைபாராட்டுகிறாய்" என்று ஓடியது. தலைப்பிலேயே ஏதோமியனாகிய தோவேக்கு என்கிற சவுல் ராஜாவின் ஆள் இருக்கிறான். அவன் ஆசாரியர்களை வெட்டும் காட்சி சால்டர்களில் வருவதும் தெரியும். இரண்டரைப் பக்கம் எழுதினேன், நன்றாகவே எழுதினேன். தாளின் ஓரத்தில் திருத்தியவர் எழுதியது: "வேறு சங்கீதம்."

நம் வேதாகமம் எபிரேய எண்ணிக்கையைப் பின்பற்றுகிறது. திருப்பாடல்கள் என்று படித்து வளர்ந்த கத்தோலிக்கர்களுக்கும் இதே கதிதான். இடைக்கால லத்தீன் சால்டர்களோ கிரேக்க வழியில் 9-ஐயும் 10-ஐயும் ஒன்றாகச் சேர்த்துவிடுகின்றன. அதிலிருந்து கிட்டத்தட்ட கடைசிவரை எல்லாம் ஒன்று குறைவு. 114, 115 சேரும், 116 பிரியும், 147 பிரியும், 148-இல் கணக்கு நேராகிவிடும். "கர்த்தர் என் மேய்ப்பர்" அங்கே 22. நான் எழுதிய தோவேக்கின் சங்கீதம் அங்கே 51. கேட்ட 52 என்பது நம்முடைய 53: "தேவன் இல்லை" என்று சொல்லிக்கொள்கிற மதிகேடன். கையில் தடியும் அப்பமுமாக அவன் நிற்கும் படத்தை நூறு தடவை பார்த்திருக்கிறேன். அவனைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மதிகேடன் யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சரி, சால்டரின் எட்டுப் பிரிவுகள். ரோமானிய முறைப்படி 150 சங்கீதங்களும் ஒரு வாரத்துக்குள் பாடி முடிக்கப்படும். ஞாயிறு தொடங்கி ஏழு நாள் இரவு வழிபாட்டின் முதல் சங்கீதத்துக்கும், ஞாயிறு மாலை வழிபாட்டின் முதல் சங்கீதத்துக்கும் முதலெழுத்தைப் பெரிதாக எழுதி அதற்குள் படம் வரைவார்கள். லத்தீன் தெரியாவிட்டாலும் முதல் சொற்களை வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்யுங்கள். நான் பாத்திரம் கழுவும்போது சொன்னேன். எண்கள் எல்லாம் லத்தீன் எண்கள்:

1 பெயாத்துஸ் வீர்: யாழோடு தாவீது, அல்லது ஈசாயின் மரம் (தாவீதின் தகப்பன் ஈசாயிலிருந்து கிளைக்கும் வம்ச மரம்)
26 தோமினுஸ் இல்லுமினாசியோ: வெளிச்சம், அதனால் கண்ணைக் காட்டும் தாவீது
38 தீக்சி குஸ்தோதியாம்: நாவைக் காப்பேன், அதனால் வாயைக் காட்டும் தாவீது
52 தீக்சித் இன்சிபியென்ஸ்: நம்ம ஆள்
68 சால்வும் மே ஃபாக்: வெள்ளத்தில் தாவீது
80 எக்சுல்தாத்தே: மணி அடிக்கும் தாவீது
97 காந்தாத்தே: பாடும் குருமார்
109 தீக்சித் தோமினுஸ்: பிதாவும் சுதனும் பக்கத்தில் பக்கத்தில்

இது 13-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் வழக்கம். எல்லாக் காலத்துக்கும் ஒட்டாதீர்கள். 8-ஆம் நூற்றாண்டு வெஸ்பாசியன் சால்டரில் 26-க்குத் தாவீதும் யோனத்தானும் கை கோத்து நிற்கிறார்கள். 51-க்கும் 101-க்கும் பெரிய எழுத்து இருந்தால் அது மூன்றாகப் பிரிக்கும் பழைய முறை. என் தோவேக்கு வருவது அங்கேதான்.

தமிழில் முதல் சங்கீதம் "துன்மார்க்கருடைய" என்று தொடங்கி, "பாக்கியவான்" இரண்டாம் வசனக் கடைசியில்தான் வருகிறான். நாம் சால்டர் செய்திருந்தால் பக்கம் முழுக்கத் தங்கம் பூசி ஒரு "து" வரைந்திருப்போம்.

அப்புறம் உட்ரெக்ட் சால்டர். 820-க்கும் 835-க்கும் இடையில், ரைம்ஸ் பக்கத்தில் செய்தது. 166 கோட்டோவியங்கள், வண்ணமே கிடையாது, பழுப்பு மை மட்டும். இதைத் தனியாக ஒரு வாரம் படியுங்கள். படத்தை மூடிவிட்டு சங்கீதத்தை வாசியுங்கள். நீங்களே பென்சிலால் கிறுக்குங்கள், பிறகு திறந்து பாருங்கள். லத்தீன் 11-இல் துன்மார்க்கர் சுற்றித்திரிவார்கள் என்று வருகிறது. ஓவியர் அவர்களை ஒரு சுழல்தடியைப் பிடித்துத் தள்ளவிட்டு, செக்கு மாடு மாதிரி நிஜமாகவே சுற்றவிட்டிருக்கிறார். 43-இல் "ஆண்டவரே, ஏன் நித்திரைபண்ணுகிறீர்" என்றால் கட்டிலில் ஆண்டவர் படுத்திருக்க, தேவதூதர்கள் எழுப்புகிறார்கள். சொல்லுக்குச் சொல் படம். இப்படிக் கிறுக்கிப் பார்த்த இருபது சங்கீதங்களை இன்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

இதன் பிரதிகள் நிச்சயம் கேள்வியில் வரும். இங்கிலாந்தின் கேண்டர்பரியில் சுமார் 1000-இல் தொடங்கிய ஹார்லி 603 என்ற சுவடியில் பல வண்ண மை. 12-ஆம் நூற்றாண்டு நடுவில் எட்வின் சால்டர். அதில் சங்கீதங்களின் மூன்று லத்தீன் மொழிபெயர்ப்புகள் அடுத்தடுத்து. நூற்றாண்டுக் கடைசியில் இப்போது பாரிஸில் இருக்கும் பிரதி, தங்கப் பின்னணியோடு. பாதியில் நின்ற அதை 14-ஆம் நூற்றாண்டில் கட்டலோனியாவில் முடித்தார்கள். "நகல் எடுத்தார்கள்" என்று மட்டும் எழுதினால் மார்க் கிடையாது. ஒவ்வொருவரும் எதை மாற்றினார்கள் என்று ஒரு படத்தையாவது வைத்துக் காட்டுங்கள்.

பைசாந்தியப் பகுதியை, அதாவது கிரேக்கம் பேசிய கிழக்கு ரோமப் பேரரசின் ஓவியத்தை, பலர் விட்டுவிடுகிறார்கள். நானும் முதல் தடவை விட்டேன். மாஸ்கோவில் உள்ள 9-ஆம் நூற்றாண்டு குலுதோவ் சால்டர் ஒன்றே போதும். கிரேக்கத்திலும் அதே எண்கள்தான். 68-இல் "என் தாகத்துக்குக் காடியைக் குடிக்கக் கொடுத்தார்கள்" என்ற வரிக்கு ஓரத்தில் சிலுவைக் காட்சி, கோலில் கடற்பஞ்சு. அதற்குக் கீழே, சொரூப எதிர்ப்பாளர்கள் (புனிதப் படங்களே கூடாது என்றவர்கள்) அதேபோல் கோலில் பஞ்சைக் கட்டி கிறிஸ்துவின் படத்தின்மேல் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். சொரூபத் தடை 843-இல் நீங்கியபின் வந்த கோபம் அது. லத்தீன் 68-இல் தாவீது மூழ்குகிறார், இங்கே பஞ்சு. ஒரே சங்கீதம், வேறு வரி. மறுதேர்வில் இந்த ஒப்பீட்டை வைத்தே ஒரு கட்டுரை எழுதினேன்.

செய்யக்கூடாதவையும் செய்யவேண்டியவையும், என் கணக்கில்:
லட்ரல் சால்டரின் உழவுக் காட்சியில் மயங்கி மூன்று நாள் செலவழிக்காதீர்கள். அழகுதான், எல்லாரும் அதையே எழுதுவார்கள்.
படத்தில் இருப்பவர்களின் துணி மடிப்பை வைத்துச் சுவடியின் காலம் சொல்லும் வித்தை எனக்கு வரவில்லை. உங்களுக்குக் கண் இருந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் எழுத்து வடிவத்தைப் பிடியுங்கள்.
விடைத்தாளில் எண் எழுதும்போதெல்லாம் பக்கத்தில் "லத்தீன்" என்று போடுங்கள். ஒவ்வொரு தடவையும்.

மறுதேர்வுக்கு முன் என் தமிழ் வேதாகமத்தில் 10 முதல் 147 வரை ஒவ்வொரு சங்கீதத்தின் தலையிலும் லத்தீன் எண்ணைப் பென்சிலால் எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. போன மாதம் ஊருக்குப் போனபோது அம்மா அதை எடுத்து ஜெபத்துக்குப் பிரித்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா, மேய்ப்பர் சங்கீதம் எத்தனைன்னுகூட மறந்துட்டியா?"