அம்மாவின் கதிரையும் 12 செக்கனும்

போன வருசம் மாசி மாதம் கொக்குவில் வீட்டில் அம்மா குளியலறைக்குள் விழுந்தார். வழுக்கி விழவில்லை. பலகைக் கட்டையில் இருந்து உடுப்புத் தோய்த்துவிட்டு எழும்பப் பார்த்திருக்கிறார், கால் தூக்கவில்லை, அப்படியே பக்கமாகச் சரிந்துவிட்டார். நல்லகாலம், எலும்பு ஒன்றும் முறியவில்லை.

அம்மாவுக்கு 71 வயது, அப்போது 76 கிலோ. ஊரில் யார் வந்தாலும் "அக்கா நல்லா உடம்பு வைச்சிருக்கிறா" என்றுதான் சொல்வார்கள். உடம்பு இருந்தால் பலமும் இருக்கும் என்று நாங்களும் நம்பியிருந்தோம். அதனால்தான் விழுந்தபோதும் எங்களுக்கு விளங்கவில்லை.

இதற்கு முன்னர் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். சீனிக்கும் பிரஷருக்கும் போகிற கிளினிக்கில் ஒருநாள் "நிறையைக் குறையுங்கோ அம்மா" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எப்படிக் குறைப்பது என்று யாரும் சொல்லவில்லை. அம்மா தானே ஒரு வழி பிடித்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பதில் இரண்டு பிஸ்கட்டும் பிளேன்ரீயும், கொலஸ்ட்ரோல் என்று முட்டை இல்லை, மத்தியானம் மீன் குழம்பில் குழம்பு மட்டும். மூன்று மாதத்தில் 6 கிலோ இறங்கி, 82 இலிருந்து 76க்கு வந்தார். நாங்கள் எல்லோரும் சந்தோசப்பட்டோம், கனடாவில் இருக்கிற அண்ணா போனில் பாராட்டினார். அந்த 6 கிலோவில் கொழுப்பு மட்டும் போகவில்லை, தசையும் சேர்ந்தே போயிருக்கிறது என்பது அவர் விழுந்த பிறகுதான் தெரிந்தது. இதை நினைக்க எனக்கு இன்றைக்கும் மனம் ஆறாது.

விழுந்து இரண்டு கிழமையில் பிசியோதெரபி செய்கிற ஒரு தங்கச்சியிடம் கூட்டிப்போனேன். அவர் அம்மாவின் கையில் ஒரு கருவியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். 13 கிலோ காட்டியது. ஆசியப் பெண்களுக்கு 18 கிலோவுக்குக் குறைந்தால் பலவீனம் என்று கணக்கு, ஆண்களுக்கு 28. பிறகு ஒரு சாதாரணக் கதிரையில் இருத்தி, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்து தரம் எழும்பி இருக்கச் சொன்னார். 12 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால் கவனிக்க வேண்டும். அம்மாவால் ஒரு தரம்கூட எழும்ப முடியவில்லை. முன்னுக்குச் சரிகிறார், தொடை நடுங்குகிறது, திரும்பப் பொத்தென்று இருந்துவிடுகிறார். மூன்றாம் தரம் முயன்றபோது என் முகத்தைப் பார்த்தார், நான் போய்க் கையைப் பிடித்துவிட்டேன்.

வயதானவர்களுக்குத் தசை குறைவதற்கு சார்க்கோபீனியா என்று பெயர். 1989இல் இர்வின் ரோசன்பர்க் என்பவர் கிரேக்கச் சொற்களில் இருந்து வைத்த பெயர், சதை குறைதல் என்று பொருள். அதோடு உடல் பருமனும் சேர்ந்தால் சார்க்கோபீனிக் ஒபீசிற்றி. மெலிந்த கிழவியைப் பார்த்தால் யாரும் "பலமில்லை, பாவம்" என்பார்கள், பருத்தவரைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்வதில்லை. கெண்டைக்காலை இரண்டு கைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சுற்றிப் பிடித்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு, விரல்களுக்கும் காலுக்கும் இடையில் இடைவெளி இருந்தால் தசை குறைவு என்று அர்த்தம். அதை நான் முதலே அம்மாவுக்குச் செய்து பார்த்திருந்தேன், விரல் நுனிகள் ஒன்றையொன்று தொடக்கூட இல்லை. கால் மொத்தமாக இருந்தது, அந்த மொத்தம் கொழுப்பு என்று எனக்குத் தெரியவில்லை. பருத்தவர்களிடம் அளவு ஏமாற்றும், பலத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இது ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகிற வருத்தம். நாங்கள் சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறுகிற சீனியில் பெரும்பங்கைத் தசைதான் வாங்கிக்கொள்ளும். தசை குறைந்தால் சீனி இரத்தத்திலேயே நிற்கும், எரிகிற சக்தியும் குறையும், கொழுப்புச் சேரும். அந்தக் கொழுப்பு தசைக்குள்ளேயே புகுந்து அதை இன்னும் பலவீனமாக்கும். கால் பலவீனமானால் ஆள் கூட நேரம் கதிரையில் இருப்பார், அதனால் தசை இன்னும் போகும்.

யோசித்துப் பார்த்தால் அம்மா ஒரு காலத்தில் நாள் முழுக்கக் குந்தி எழும்பியவர். திருவலையில் குந்தித் தேங்காய் திருவுவார், கிணற்றில் அள்ளுவார், ஆட்டுக்கல்லில் உழுந்து அரைப்பார். மோட்டர், கிரைண்டர், காஸ் அடுப்பு, கொமோட் என்று எல்லாம் நாங்கள்தான் ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டோம். முழங்கால் நோவுக்கு அது தேவைதான், ஆனால் பறித்த வேலைக்குப் பதிலாக வேறு எதையும் நாங்கள் கொடுக்கவில்லை.

சரி, என்ன செய்தோம்? முதலில் கதிரை. சுவரோடு அணைத்து வைத்து, மேலே இரண்டு தலையணை போட்டு உயர்த்தினோம். உயரம் கூடினால் எழும்புவது சுகம். காலை எட்டுத் தரம், பின்னேரம் எட்டுத் தரம், ஒரு மாதத்தால் ஒரு தலையணையை எடுத்தோம். குசினி மேசையைப் பிடித்துக் குதிக்கால் தூக்குதல், ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்துத் தூக்குதல். "இந்த வயசில எனக்கேன் பிள்ளை இதெல்லாம்" என்று முதல் கிழமை முழுக்கக் கேட்டார். 1990இல் அமெரிக்காவில் 90 வயதை ஒட்டிய முதியோர் இல்லவாசிகளுக்கு எட்டுக் கிழமை பாரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது என்று சொன்னேன். "தொண்ணூறிலயோ?" என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

நல்லூருக்கு நடந்து போய் வந்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். நடை நல்லது, நிறுத்த வேண்டாம். ஆனால் 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 65 வயதுக்கு மேற்பட்ட பருத்தவர்களை நிறை குறைக்க வைத்தபோது, நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் தசையும் அடங்கிய கொழுப்பில்லாத உடல் எடையில் 5 சதவீதம் போனது, பாரப் பயிற்சி செய்தவர்களுக்கு 2 சதவீதம்தான். இரண்டும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 3 சதவீதம் போனாலும், எழும்பி நடமாடும் திறன் அவர்களுக்குத்தான் எல்லோரையும்விடக் கூடியது.

அடுத்தது சாப்பாடு. காலை பிட்டும் சம்பலும், மத்தியானம் சோறும் மரக்கறியும், இரவு இடியப்பமும் சொதியும் என்றால் வயிறு நிறையும், புரதம் மிகக் கொஞ்சம். முதியவர்களுக்கு உடல் நிறையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20. பெரியபிள்ளையான பெட்டைக்கு முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தம் களியும் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிற ஊரில், 70 வயது அம்மா மற்றவர்களுக்கு மீன் துண்டைப் போட்டுவிட்டுத் தான் குழம்போடு சாப்பிடுகிறார். இப்போது எங்கள் வீட்டில் முதல் துண்டு அம்மாவின் கோப்பைக்குத்தான். பிட்டைப் பாதியாக்கி, பக்கத்தில் முட்டை அல்லது அவித்த கடலை. ஒரு விசயம், சலரோகத்தால் சிறுநீரகம் பழுதானவர்கள் டொக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம். அம்மாவுக்கு நாங்கள் இரத்தம் சோதித்த பிறகுதான் தொடங்கினோம்.

இப்போது அம்மா 73 கிலோ. கைப்பிடி 17. ஐந்து தரம் எழும்ப 14 செக்கன், தலையணை இல்லாமல்.

நல்லூர்க் கொடியேற்றம் வருகிறது, 25 நாளும் வீட்டில் சைவம். போன வருசம் அந்த நாட்களில் அம்மா சோறும் பூசணிக்காய்க் கறியுமாகவே இருந்தார். இந்த முறை உழுந்து, பயறு, கடலை, சோயாமீற் எல்லாம் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் போய் முதலே வாங்கி வைத்தாகிவிட்டது, தயிருக்கும் சொல்லிவிட்டேன்.